களிமண் புறாவும் பிளாஸ்டிக் காக்காயும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஊரிலிருந்து அக்காவின் போன்.

"ஏன்டா தம்பி, இவன் அங்க காக்காயைச் சுடுறானாம்டா! எனக்குச் சோறே இறங்கலை."

இவன் என்றால் அக்கா மகன். பன்னிரண்டு வருஷமாக இங்கிலாந்தில் வேலை, லிங்கன்ஷயர் பக்கம். ஆபீஸ் நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் 'களிமண் புறா' சுடப் போக ஆரம்பித்தான். போலீசில் முறைப்படி துப்பாக்கிச் சான்றிதழ் வாங்கினான். மூன்று வருஷம் வெறும் களிமண் வட்டுதான். இந்த வருஷம் ஒரு விவசாயி கூப்பிட்டார் என்று பட்டாணி வயலில் காட்டுப்புறா சுடப் போயிருக்கிறான். அப்படியே செம்மறி குட்டி போடும் பருவத்தில் காக்காய்க்கும் போய்விட்டான். ஆறேழு பிளாஸ்டிக் காக்காய்களைப் புல்வெளியில் நட்டு வைத்து அவன் எடுத்த போட்டோ, குடும்ப வாட்ஸப் குழுவில் வந்து விழுந்தது.

அத்தான் போனதிலிருந்து காக்காய்க்கு ஒரு பிடி வைக்காமல் அக்கா சாப்பிட்டதே இல்லை. அந்த வீட்டில் காக்காய் என்றால் அத்தான். நிலைமை புரிகிறதல்லவா?

பையனிடம் பேசினேன். "மாமா, நான் ஒண்ணும் திருட்டு வேட்டை ஆடலை. எல்லாம் சட்டப்படிதான். நீங்களே அம்மாகிட்ட சொல்லுங்க" என்றான். நான் வங்கிக்காரன். இரண்டு பக்கமும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை. "ஒரு மாசம் டயம் குடு" என்று சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் தெரிந்து கொண்டதுதான் இந்தப் பதிவு.

எதற்காக அது புறா?

நான் இருப்பது தெற்கு தில்லி. துக்ளகாபாத்தில் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய கர்ணி சிங் துப்பாக்கி சுடும் திடல் இங்கிருந்து ரொம்ப தூரமில்லை. ஒரு முறை போய்ப் பார்த்திருக்கிறேன். சுடுபவர் குரல் கொடுத்ததும் எதிரே பள்ளத்திலிருந்து ஒரு ஆரஞ்சு வட்டு சீறிக்கொண்டு வெளியே வரும். 110 மில்லிமீட்டர் அகலம், 105 கிராம் எடை. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகம் இருக்கும். கண்ணை மூடித் திறப்பதற்குள் சுட்டாக வேண்டும். பட்டால் பொடிப்பொடியாகச் சிதறும். தப்பினால் தூரத்தில் புல்லில் போய் விழும்.

வட்டுக்கு இறக்கை இல்லை, அலகும் இல்லை. பெயர் மட்டும் 'க்ளே பிஜியன்'. உண்மையில் அதில் களிமண்ணும் இல்லை. தாரைப் போன்ற ஒரு பிசினும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்து செய்வது. களிமண்ணும் இல்லை, புறாவும் இல்லை, ஆனால் பெயர் களிமண் புறா :-)

இந்தப் பெயருக்குள் இருநூறு வருஷத்துக் கதை இருக்கிறது.

1790களில் இங்கிலாந்தில் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடுவது பணக்காரர்களின் பொழுதுபோக்காகி விட்டது. லண்டனுக்கு மேற்கே ஈலிங்கில் 'ஓல்டு ஹேட்' என்று ஒரு சாராயக்கடை. தரையில் குழி தோண்டி, உள்ளே புறாவை விட்டு, மேலே ஒரு பழைய தொப்பியைக் கவிழ்த்து வைப்பார்களாம். கயிற்றை இழுத்தால் தொப்பி நகரும், புறா பறக்கும், துப்பாக்கி வெடிக்கும். பிறகு தொப்பிக்குப் பதில் கயிறு கட்டிய பெட்டிகள் வந்தன. அந்தப் பெட்டிக்குப் பெயர் 'ட்ராப்', அதாவது பொறி. இன்றைக்கு ஒலிம்பிக்கில் 'ட்ராப்' என்று ஒரு போட்டி இருக்கிறதே, பெயர் அங்கிருந்து வந்ததுதான். வட்டை விடச்சொல்லி இன்றும் 'புல்' என்று கத்துகிறார்கள். இழு என்று அர்த்தம். இழுக்கக் கயிறுதான் இல்லை.

1869-இல் லண்டனில் ஹர்லிங்ஹாம் கிளப் ஆரம்பித்ததே புறா சுடுவதற்காகத்தான். பெரிய இடத்துப் பிள்ளைகள் எல்லாம் அங்கே வந்தார்கள். பந்தயமும் ஓடியது. 1905-இல் அங்கே சுடுவதை நிறுத்தினார்கள். ஆனால் கிளப்பின் சின்னத்தில் அந்தப் புறா இன்னும் இருக்கிறது. 1900-இல் பாரிஸ் ஒலிம்பிக் நடந்தபோது உயிருள்ள புறாக்களை வைத்தே ஒரு போட்டி நடந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த லியோன் டி லுண்டன் 21 பறவைகளை வீழ்த்தி ஜெயித்தார். மொத்தம் சுமார் 300 பறவைகள் செத்தன என்கிறார்கள். அதே பாரிஸில், அதே வருஷம், களிமண் வட்டுப் போட்டியும் நடந்திருக்கிறது. பழையதும் புதியதும் ஒரே ஊரில் ஒரே சமயத்தில்.

கண்ணாடியும் களிமண்ணும்

பறவைக்கு மாற்று தேடும் வேலை அமெரிக்காவில் ஆரம்பித்தது. கருணை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், புறா கிடைப்பது குறைந்துகொண்டே வந்ததுதான்.

முதலில் வந்தது கண்ணாடி உருண்டை. கேப்டன் ஆதம் போகார்டஸ் என்பவர் உயிருள்ள புறாக்களைச் சுடுவதில் பெயர் பெற்ற சாம்பியன். அவரே 1877-இல் கண்ணாடி உருண்டையை எறியும் ஒரு பொறிக்குக் காப்புரிமை வாங்கினார். உருண்டைக்குள் சில சமயம் இறகுகளை அடைத்து வைப்பார்கள். சுட்டதும் காற்றில் இறகு பறக்குமாம். பறவை இல்லாவிட்டாலும் பறவை செத்த மாதிரி தெரிய வேண்டும் பாருங்கள்! ஆனால் உருண்டை மேலே போய்க் கீழே விழும், பறவை மாதிரி தட்டையாக விரைந்து போகாது. திடல் முழுக்கக் கண்ணாடிச் சில்லு வேறு.

சின்சினாட்டி நகரத்து ஜார்ஜ் லிகோவ்ஸ்கி 1880-இல் இதைத் தீர்த்தார். பையன்கள் தண்ணீர் மேல் கிளிஞ்சலை வீசித் தத்தவிடுவதைப் பார்த்து யோசனை வந்தது என்று சொல்வார்கள். நாம் குளத்தில் ஓட்டாஞ்சில்லை விட்டு 'தவளை' விடுவோமே, அதேதான். களிமண்ணில் வட்டு செய்து, பூந்தொட்டியைப் போலச் சுட்டு, சுழற்றி எறிந்தார். பறவையைப் போலவே பறந்தது. ஒரே குறை, வட்டு ரொம்பக் கெட்டி. ரவை பட்டும் உடையாமல் போனது உண்டு. அதனால்தான் பின்னால் பிசினும் சுண்ணாம்புக்கல்லும் வந்தன.

அதே சின்சினாட்டியைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். 'பாசஞ்சர் பிஜியன்' என்று ஒரு புறா இனம் வட அமெரிக்காவில் கோடிக்கணக்கில் இருந்தது. கூட்டம் பறந்தால் சூரியனே மறைந்துவிடும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதைப் பிடிக்க ஒரு உபாயம் செய்தார்கள். உயிருள்ள ஒரு புறாவின் கண் இமைகளைத் தைத்து, கயிறு கட்டிய ஒரு சின்னப் பலகையில் உட்கார வைப்பார்கள். கயிற்றைத் தளர்த்தினால் பலகை இறங்கும், புறா சிறகடிக்கும். மேலே பறக்கும் கூட்டம், நம்ம ஆள் இரை பொறுக்க இறங்குகிறான் என்று நம்பி வந்து வலையில் விழும். இந்தப் புறாவுக்கு 'ஸ்டூல் பிஜியன்' என்று பெயர். பிற்பாடு போலீசுக்குத் துப்புக் கொடுப்பவனுக்கு அதே பெயர் வந்தது. இப்படிப் பிடித்த புறாக்கள் சாப்பாட்டுக்குப் போயின. பல்லாயிரக்கணக்கில் சுடும் போட்டிகளுக்கும் போயின. அந்த இனத்தின் கடைசிப் பறவை, மார்த்தா என்று பெயர் வைத்திருந்தார்கள், 1914 செப்டம்பர் 1-ஆம் தேதி சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் செத்துப் போனது. களிமண் புறா பிறந்த ஊரிலேயே கடைசி பாசஞ்சர் புறாவும் போய்ச் சேர்ந்தது.

இங்கிலாந்தில் 1921-இல் சட்டம் வந்தது. அடைத்து வைத்த பறவையை விடுவித்து உடனே சுடும் போட்டி கூடாது. அதோடு தொப்பிப் புறாவின் கதை அங்கே முடிந்தது.

நம் நாட்டுக்கு வட்டு வந்து வெகுகாலமாகிறது. திடலுக்குப் பெயர் தந்த பிகானேர் மகாராஜா கர்ணி சிங் 1962-இல் கெய்ரோ உலகப் போட்டியில் ட்ராப் பிரிவில் வெள்ளி வாங்கியவர், ஐந்து ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர். 2004 ஏதென்ஸில் ராஜ்யவர்தன் சிங் ராத்தோர் வாங்கிய வெள்ளியும் வட்டு சுட்டதுதான். எங்கள் புதுக்கோட்டைக்காரர் பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்டார். பாரிஸ் என்றதும் எனக்கு 1900-இன் அந்த முந்நூறு புறாக்கள் ஞாபகம் வந்தன.

வட்டிலிருந்து வயலுக்கு

இனி அக்கா மகனிடம் வருவோம். வட்டு சுட்டவன் வயலுக்குப் போனதும் என்ன ஆனான்?

"முதல் நாள் நாற்பது தோட்டா செலவு, நாலு புறா கிடைச்சுது மாமா" என்றான். களிமண் திடலில் இருபத்தைந்துக்கு இருபது அடிக்கிறவன்! காரணம் கேட்டேன். வட்டு கிளம்பும்போதுதான் அதிக வேகம், போகப் போகக் குறையும். எந்தப் பாதையில் போகும் என்பதும் ஓரளவுக்குத் தெரியும். புறா அப்படியில்லை. இறங்க வரும்போது மெதுவாக வரும், துப்பாக்கி அசைந்தால் ஒரு வெட்டு வெட்டித் திரும்பி எகிறும். வட்டை நாம் கூப்பிடுகிறோம். புறா வருவதும் வராததும் அதன் இஷ்டம்.

அதை வர வைக்கத்தான் போலிப் பறவைகள், இங்கிலீஷில் 'டிகாய்'. அந்தச் சொல்லில் இருக்கும் 'காய்', கூண்டு என்ற பொருளுள்ள டச்சுச் சொல். 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்திலிருந்து வாத்து பிடிக்கும் குளங்களோடு வந்தது. தமிழில் இதற்கு ரொம்பப் பழைய சொல்லே இருக்கிறது: 'பார்வை'. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வீட்டு முற்றத்து விளாமரத்தில் கட்டியிருக்கும் மான், மற்ற மான்களை மயக்கிப் பிடிக்க வைத்த பார்வை மான்தான். ஊரில் கௌதாரி பிடிக்கிறவர்கள் கூண்டில் ஒரு கௌதாரியை வைத்துக் கத்த விடுவதைச் சின்ன வயதில் பார்த்திருப்பீர்கள். இங்கே பழைய தில்லி மொட்டை மாடிகளில் கபூதர்பாஜிகள் தங்கள் கூட்டத்தைப் பறக்கவிட்டு அடுத்த வீட்டுப் புறாவை இழுத்து வருவதும் இந்த வித்தைதான்.

இங்கிலாந்தில் காட்டுப்புறாவுக்கு இந்த வித்தையை ஒரு தொழிலாகவே செய்து காட்டியவர் மேஜர் ஆர்ச்சி கோட்ஸ். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹாம்ப்ஷயரில் புறா சுட்டு விற்றே குடும்பம் நடத்தினார். 1963-இல் 'பிஜியன் ஷூட்டிங்' என்று ஒரு புத்தகம் எழுதினார். அவர் முறையின் சாரம், சுடுவதைவிடப் பார்ப்பதுதான் பெரிய வேலை என்பது. புறா எந்த வழியாகப் பறக்கிறது, எந்த மரத்தில் உட்காருகிறது, வயலில் எந்த மூலையில் இறங்குகிறது என்று முதலில் கவனிக்க வேண்டும். பிறகுதான் வலைத்துணியில் மறைப்புக் கட்டி உட்கார வேண்டும். போலிப் புறாக்களை லாட வடிவில் பரப்பி நடுவில் காலி இடம் விட வேண்டும். வருகிற புறா அந்தக் காலி இடத்தில் இறங்கப் பார்க்கும். பறவை காற்றை எதிர்த்துத்தான் இறங்கும் என்பதால் போலிகளும் பெரும்பாலும் காற்றைப் பார்த்தே நிற்க வேண்டும். இப்போது பேட்டரியில் இரண்டு கைகள் சுற்றும் ஒரு யந்திரமும் இருக்கிறது. கைகளின் நுனியில் புறாவை மாட்டினால் தூரத்துக் கூட்டத்துக்கு இறங்குகிற பறவை மாதிரி தெரியும்.

காக்காய் இன்னும் கெட்டி. அங்கே இருப்பது உடம்பு முழுக்கக் கறுத்த இனம், நம் சாம்பல் கழுத்துக் காக்காய் அல்ல. மறைப்பில் முகம் லேசாகப் பளிச்சிட்டாலும் கண்டுகொள்ளும். "புறாவை ஏமாத்தலாம் மாமா, காக்காகிட்ட நாமதான் ஏமாறணும்" என்றான். இதை மட்டும் அக்காவிடம் சொன்னேன். கொஞ்சம் சந்தோஷப்பட்டாள்.

கணக்கு என்ன சொல்கிறது?

எதற்காகச் சுடுகிறார்கள்? பிரிட்டனில் காட்டுப்புறா சுமார் 50 லட்சம் ஜோடி இருக்கிறது. முன்பெல்லாம் குளிர்காலத்தில் இரை இல்லாமல் நிறையச் சாகும். 1970களுக்குப் பிறகு ஒரு வகைக் கடுகுப் பயிர் எண்ணெய்க்காகப் பரவலானது. பனிக்காலத்திலும் வயலில் பச்சை இலை நிற்கிறது. புறாவுக்குக் குளிர்காலச் சாப்பாடு கிடைத்துவிட்டது, எண்ணிக்கையும் ஏறியது. விவசாயிக்கு நஷ்டம் நிஜம். செம்மறிக் குட்டி பிறந்து எழுந்து நிற்பதற்குள் காக்காய் அதன் கண்ணைக் கொத்திவிடும் என்பதும் மேய்ப்பவர்கள் சொல்லும் நிஜம்தான்.

ஆனால் சுட்டால் குறைகிறதா? 1950களில் பிரிட்டிஷ் அரசாங்கமே புறா சுடுகிறவர்களுக்குப் பாதி விலையில் தோட்டா கொடுத்தது. ஆர்.கே. மர்ட்டன் என்ற விஞ்ஞானி கேம்பிரிட்ஜ்ஷயர் வயல்களில் வருஷக்கணக்கில் எண்ணிப் பார்த்தார். குளிர்காலத்தில் எத்தனை சுட்டாலும், கடைசியில் எத்தனை பிழைக்கும் என்பதை வயலில் கிடைக்கும் தீனிதான் முடிவு செய்கிறது என்று கண்டார். சுட்டது போக மிச்சமிருக்கும் புறாவுக்குத் தலைக்குச் சாப்பாடு கூடுகிறது, அவ்வளவுதான். வங்கி பாஷையில் சொன்னால், அரசாங்கம் கொடுத்த மானியத்துக்குப் பலன் இல்லை. குறிப்பிட்ட வயலில், விதைத்த நேரத்தில், அங்கேயே உட்கார்ந்து விரட்டினால் அந்தப் பயிர் பிழைக்கும். நாட்டில் புறா குறையாது.

சட்டமும் இந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. 1981-ஆம் வருஷச் சட்டப்படி அங்கே எல்லாக் காட்டுப் பறவைக்கும் பாதுகாப்பு உண்டு. கட்டிப் போட்ட, குருடாக்கிய உயிர்ப் பறவையைப் பார்வையாக வைப்பது குற்றம். அந்த ஸ்டூல் பிஜியன் வேலை இனி நடக்காது. புறா, காக்காய் போன்ற சிலவற்றுக்குப் பொது உரிமம் மூலம் விலக்கு உண்டு. 2019 ஏப்ரலில், பறவை ஆர்வலர்கள் மூவர் தொடங்கிய 'வைல்டு ஜஸ்டிஸ்' அமைப்பு வழக்குக்குப் போனதும் மூன்று உரிமங்களை அரசு நிறுவனம் ஒரே நாளில் வாபஸ் வாங்க வேண்டி வந்தது. பிறகு வந்த உரிமங்களில் நிபந்தனை இறுகியது. பொழுதுபோக்குக்காகச் சுடக் கூடாது. பயிருக்கோ கால்நடைக்கோ பெரிய சேதம் வரும் என்ற காரணம் வேண்டும். விரட்டிப் பார்ப்பது போன்ற மற்ற வழிகளை முதலில் யோசித்திருக்க வேண்டும்.

நம் வீட்டுக் கதை? 1972 வனவிலங்குச் சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது. தொல்லைப் பிராணிகள் பட்டியல். எலியோடும் பழந்தின்னி வௌவாலோடும் காக்காயும் அதில் இருந்தது! அமாவாசைக்கு நாம் வாசலில் சோறு வைத்து "கா கா" என்று கூப்பிட்டபோதெல்லாம், சட்டத்தில் அது தொல்லைப் பிராணி. 2022 திருத்தம்தான் அந்த அட்டவணையையே எடுத்தது.

ஒரு மாத முடிவில் பையனுக்குப் போன் செய்தேன். "பாவமா புண்ணியமான்னு சொல்ல நான் ஐயர் இல்லடா. வவுச்சர் போட்டா கீழ நேரேஷன் எழுதணும், எதுக்காக இந்தச் செலவுன்னு. களிமண்ணுக்கு அது வேண்டாம். தொப்பியைக் கவுத்து வச்சுச் சுட்டானே, அவனால அதை எழுதியிருக்க முடியாது. நீ ஒவ்வொரு காக்காய்க்கும் எழுத முடியுமா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "புறாவுக்கு முடியும் மாமா. காக்காய்க்கு, முதல் வாரம் குட்டிக்காகத்தான் போனேன். மூணாவது வாரம் போனப்ப குட்டியெல்லாம் பெருசாயிடுச்சு. இருந்தும் போனேன்" என்றான். வளர்ப்பு சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக் கொண்டேன்.

அக்காவிடம் குட்டியின் கண்ணைக் கொத்துவதைப் பற்றிச் சொன்னேன். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவளோ வேறு எதையோ நினைத்துக் கொண்டாள்.

"நம்ம கடலைக் காட்டுல விதைச்ச பருப்பைக் காக்கா தோண்டித் தின்னுமேடா. அப்பா என்ன பண்ணுவாரு, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. எங்காவது செத்துக் கிடக்கும் காக்காயை எடுத்து வந்து, காட்டின் நடுவில் கம்பு நட்டுக் கட்டித் தொங்க விடுவார். அதைப் பார்த்தால் மற்றவை சுற்றிச் சுற்றிக் கத்திவிட்டுப் போய்விடும். அன்றைக்கு மத்தியானம் அதே அப்பா காக்காய்க்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.

"அந்த மாதிரி கட்டித் தொங்கவிட்டு விரட்டச் சொல்லு. சுட வேண்டாம்னு சொல்லு. புறாவைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலை" என்றாள்.

அப்படியே எழுதி அனுப்பினேன். பிளாஸ்டிக் காக்காய் ஒன்றைத் தலைகீழாகக் கம்பில் கட்டிய போட்டோ நேற்றுக் குழுவில் வந்திருக்கிறது. அங்கே அது வேலை செய்கிறதா என்று பத்து நாளில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.